பலகைக்கு அடியில் பாருங்கள்

மும்பைக்கு அருகே அம்பர்நாத்தில், மாடியில் மரப்பலகைத் தளம், அதாவது டெக், போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் மரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். தேக்கு போடலாமா, சால் போதுமா, இப்போது வந்திருக்கும் டபிள்யூ.பி.சி. எப்படி, சதுர அடி என்ன விலை. நான் பதிலுக்கு, "உங்க டெரஸ்ல தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே தரையில் ஊற்றிக் காட்டுவேன். அது எந்த மூலையில் தேங்கி நிற்கிறதோ, அந்த மூலையில்தான் பின்னால் பலகை மக்கும்.

இந்த ஊர் மழை மும்பை மழைக்குச் சளைத்தது அல்ல. ஜூன் நடுவில் பிடித்தால் செப்டம்பர் கடைசி வரை துணி காயாது, சுவர் காயாது. மே மாதமோ வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரே பலகை நாலு மாதம் ஊறி உப்பும், மிச்ச மாதங்களில் வற்றிச் சுருங்கும். மழையில் நனைவதால் நல்ல மரம் கெடாது. நனைந்தது காய வழியில்லாமல் கிடந்தால்தான் கெடும். நான் இந்தத் தொழிலில் கற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

தொழில் பழகியது தாராவியில். பம்பாய்த் துணி மில் ஸ்டிரைக் தொடங்கிய 1982இல் ஊரிலிருந்து வந்து ஒரு நாகர்கோவில் ஆசாரியிடம் சேர்ந்தேன். எல்லோரும் அவரை மேஸ்திரி என்போம். மேஸ்திரி முதல் ஒரு வருஷம் உளியைத் தொடவிடவில்லை. மரம் வாங்கப் போகும்போது கூடவே கூட்டிப் போவார். ரே ரோடு, தாருகானா, லக்டி பந்தர் என்று அலைவோம். சால் என்று சொல்லும் பழைய வரிசைக் குடியிருப்புகளை இடித்த உத்தரங்களும் தூண்களும் அங்கே குவிந்து கிடக்கும். எல்லாம் பர்மா தேக்கு. வெளியே கரிப்பிடித்து, சுண்ணாம்பு அப்பி, கேவலமாக இருக்கும். மேஸ்திரி ஒரு ஓரத்தில் இழைப்புளியால் இரண்டு இழு இழுப்பார். உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய் மினுக்கும். மூக்கருகே வைத்து, "மோந்து பாருலே" என்பார். அந்த வாசனை இருந்தால் கறையான் கிட்ட வராது. புதுத் தேக்கு என்று விற்பதில் அது பல நேரம் இருக்காது.

வைரமும் வெள்ளையும் பிரித்துப் பார்க்கக் கற்றதும் அங்கேதான். மரத்தின் நடுவில் இருக்கும் வைரப் பகுதியில்தான் எண்ணெய் இருக்கிறது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி, தேக்கேயானாலும், மழைக்கு நிற்காது. கடைக்காரர் சாயம் ஏற்றி வெள்ளையை மறைத்திருப்பார். பலகையின் முனையைச் சீவிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1817இல் பம்பாய்க் கப்பல் பட்டறையில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கு இருநூறு வருஷம் தண்ணீரில் நிற்குமா என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நான் இந்தக் கப்பலைத்தான் சொல்வேன். அது வைரம் பாய்ந்த தேக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அப்போதெல்லாம் டெக் என்ற பேச்சே கிடையாது. கதவு, ஜன்னல், கட்டில், மாட்டுங்காவில் பழைய கட்டடங்களின் பால்கனிக் கைப்பிடி, செம்பூரில் பங்களாக்களின் போர்ட்டிகோ, இவ்வளவுதான். தொண்ணூறுகளில் தாராவியை விட்டு அம்பர்நாத்துக்குக் குடிவந்தேன். தாராவியில் ஒற்றை அறைக் கோலி ஒன்று வாங்கும் காசுக்கு இங்கே ஒரு வீடே வாங்கலாம் என்ற காலம். விம்கோ தீப்பெட்டி ஆலையிலும் ஆர்டினன்ஸ் பேக்டரியிலும் வேலை பார்த்த தமிழர்கள் முன்பே இங்கே நிறைய இருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை. 2000க்குப் பிறகு அம்பர்நாத், பத்லாப்பூர் பக்கம் டெரஸ் ஃபிளாட் என்ற ஒன்றைப் பில்டர்கள் விற்க ஆரம்பித்தார்கள். வீட்டோடு ஒட்டிய திறந்த தளம். ஆனால் அந்தத் தளம் கீழ்வீட்டுக்காரரின் கூரை. அங்கே தொடங்கியது வம்பு.

டெக் கேட்டு வந்த முதல் ஆட்களில் ஒருவர் அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். ஆர்டினன்ஸ் பேக்டரியில் ஓய்வு பெற்றவர், ஊர் சங்கரன்கோவில் பக்கம். மகன் வீட்டுக் கொல்லைப்புற டெக்கின் போட்டோவைக் காட்டி, "அண்ணாச்சி, அப்படியே இது மாதிரி வேணும். அங்கே பைன் மரம்தான் போட்டிருக்கான், இருபது வருஷம் ஆச்சாம்" என்றார்.

பைன் லேசான மரம், கறையானுக்குப் பிரியமான தீனி. அது அங்கே நிற்பது மருந்தால். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கரைத்து, இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி, அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்துவார்கள். செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். இதை 1933இல் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சோண்டி காமேசம். அமெரிக்கக் கொல்லைப்புறங்கள் எல்லாம் பல பத்தாண்டுகள் அவர் மருந்தின் மேல்தான் நின்றன. ஆர்சனிக் பயத்தால் 2003 முடிவோடு அங்கே வீட்டு உபயோக மரத்துக்கு அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள்; இப்போது செம்பை அடிப்படையாகக் கொண்ட வேறு கலவைகள். பழைய மருந்தேற்றிய கம்பத்துண்டு உங்கள் சைட்டில் கிடந்தால் அதை அடுப்பெரிக்க விடாதீர்கள். எங்கள் பையன்கள் குளிர்காலத்தில் கையில் கிடைத்த கட்டையை எல்லாம் கொளுத்திக் குளிர் காய்வார்கள்; இந்தக் கட்டையின் புகை விஷம்.

சங்கரன்கோவில்காரருக்கு நான் சொன்னது இதுதான்: "சார், உங்க மகன் டெக் மண்ணுக்கு மேல நிக்குது. தண்ணி கீழ விழுந்தா மண்ணு குடிச்சுக்கும். உங்க டெக் ஸ்லாபுக்கு மேல. தண்ணி விழுந்தா கீழ்வீட்டு காகா குடிக்கணும்."

அவர் சிரித்தார், புரிந்துகொண்டார். எல்லோரும் அப்படி இல்லை. கிழக்குப் பக்கம் ஒரு சொசைட்டியில் வேறொரு கான்ட்ராக்டர் போட்ட டெக்கைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. கீழே பூஜை அலமாரி மேல் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. மேலே பார்த்தால் டெக் பளபளவென்று இருக்கிறது. பலகையைக் கழற்றினால், இரும்புச் சட்டத்தை இரண்டடிக்கு ஒரு போல்ட் போட்டு ஸ்லாபில் இறுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டும், தண்ணீர் இறங்காமல் இருக்கச் செங்கல் துண்டு பரப்பிப் போட்ட கோபாவைத் துளைத்துக்கொண்டு கீழே போயிருக்கிறது. மழைக்காலம் முழுக்க அத்தனை ஓட்டையிலும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூலையில் தண்ணீர் வடியும் நானி டிராப்பின் மேலேயே சட்டம் உட்கார்ந்திருந்தது. அது அடைத்து, கறுப்புச் சேறு, ஓர் அரசங்கன்று, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, செத்த எலி. சுவருக்குள் போய்விட்ட அந்த அரசங்கன்றின் வேரைப் பிடுங்குவதற்குள் கொத்தனாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால் என் முறையில் மரம் கடைசி. முதலில் வாட்டம் சரிபார்ப்பது. நூறடிக்கு ஓரடி இறக்கம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. பத்தடித் தளத்தில் ஒன்றேகால் அங்குலம் கிட்டத்தட்ட. ட்யூப் மட்டம் வைத்துப் பார்த்தால் பில்டர் விட்ட குழிகள் எல்லாம் வெளியே வரும். பிறகு வாட்டர்ப்ரூஃபிங். முடிந்ததும் டிராப்பை அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டி வைப்பது. மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரரையே கூப்பிட்டு, அவர் வீட்டுக் கூரையை அவரையே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். "காய் நாஹி", ஒன்றுமில்லை, என்று அவர் வாயால் வந்தால்தான் ஒரு கட்டை மேலே ஏறும். நாளைக்கு ஒழுகினாலும் பழி டெக்கின் தலையில் விழாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வருகிறவர் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார், சண்டைக்கு வருகிறவரும் மனிதர்தானே.

ஸ்லாபில் ஒரு ஓட்டையும் போடுவதில்லை. சட்டத்தின் கீழ் ரப்பர் துண்டோ, உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய பிளாஸ்டிக் காலோ வைத்து, தரை மேல் சும்மா உட்கார வைப்பேன். அதன் எடையும் சுவரோரம் கொடுக்கும் முட்டுமே போதும். அடிச் சட்டங்கள் தண்ணீர் ஓடும் திசையிலேயே படுக்க வேண்டும். குறுக்கே படுத்தால் ஒவ்வொன்றும் ஒரு அணை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் இடைவெளி. மழைக்காலத்தில் உப்பிய பலகையைப் பதித்தால் இன்னும் நெருக்கலாம், மே மாதம் பதித்தால் நெருக்கவே கூடாது. ஓரங்கள் சுவரில் முட்டாமல் விட்டுவிட வேண்டும். டிராப்புக்கு மேல் வரும் துண்டு தனியாகத் தூக்கும்படி இருக்க வேண்டும். முடிந்தால் முழு டெக்கையுமே இரண்டுக்கு நாலு அடி தட்டுகளாகச் செய்து, இரண்டு பேர் தூக்கி நிறுத்தும்படி வைத்துவிடுவேன். அழகு கொஞ்சம் குறையும். வீட்டம்மா தீபாவளிக்கு ஒருமுறை தூக்கி, அடியைக் கழுவிவிடலாம்.

எடை பற்றி ஒரு வார்த்தை. மனிதர் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டடத் தரம் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஓர் அங்குலத் தேக்குப் பலகை சதுர மீட்டருக்குச் சுமார் பதினாறு கிலோதான். ஆகவே டெக் பயப்பட வேண்டிய பொருளே அல்ல. டெக் போட்ட கையோடு அதன் மேல் வைக்கும் செடித்தொட்டிகளுக்குத்தான் பயப்பட வேண்டும். ஓரடி ஆழ ஈரமண் சதுர மீட்டருக்கு அரை டன். பத்லாப்பூரில் ஒருவர் டெரஸ் நடுவில் சின்னத் தாமரைக் குளம் கேட்டார். நடுவில் வேண்டாம், பீம் போகும் சுவரோரம் வையுங்கள், அதையும் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டு வையுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

கைப்பிடிச் சுவரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கட்டட விதி கேட்பது குறைந்தது ஒரு மீட்டர். பில்டரும் அந்த அளவோடு நிறுத்தியிருப்பார். நாம் ஆறங்குலம் உயர்த்தி டெக் போட்டால் சுவர் ஆறங்குலம் குட்டையாகிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தெரியாது, முக்காலி மேல் ஏறும் பிள்ளைக்குத் தெரியும். டெக் உயர்ந்த அளவுக்குச் சுவர் மேல் கம்பி வைக்க ஒத்துக்கொள்ளாத வீட்டில் நான் வேலை எடுப்பதில்லை. செலவு கூடுகிறது என்று ஒருவர் முகம் சுளித்தார். "பேரன் எத்தனை உயரம்?" என்று கேட்டேன். மறுநாள் போன் வந்தது.

இரும்பு இந்த ஊரில் தனிக் கதை. எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் கெமிக்கல் கம்பெனிகள் பக்கத்திலேயே இருப்பதால் காற்றே இரும்பைத் தின்னும். எம்.எஸ். பாக்ஸ் பைப்பை வாங்கி வந்து, அறுத்து, வெல்டிங் வைத்து, வெளியே மட்டும் ரெட் ஆக்சைடு அடித்தால் உள்ளிருந்து அழுகி வரும். பார்ப்பதற்கு முழுசாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் பொடிந்து விழும். இரும்புதான் வேண்டுமென்றால் அறுத்த முனைகளை எல்லாம் மூடிப் பற்ற வைத்து, பிறகு கால்வனைஸ் செய்ய வேண்டும்; முக்கும்போது உள்ளே காற்று அடைபடாமல் இருக்கச் சின்னத் துளை விடுவது பட்டறைக்காரருக்குத் தெரியும். செலவு தாங்குமென்றால் அலுமினியச் சட்டம். ஸ்க்ரூ மட்டும் 304 எஸ்.எஸ். தவிர வேறு எதுவும் வேண்டாம். கடலோரம் என்றால் 316. தேக்கில் சாதா இரும்பு ஆணி அடித்தால் முதல் மழையிலேயே ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மை கொட்டியது மாதிரி கறுப்பு வளையம் வரும். இழைத்தாலும் போகாது.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். மட்டமான 202ம் காந்தத்தில் ஒட்டாது. ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் மருந்து ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கிறது. என் பையில் அந்தப் பாட்டில் எப்போதும் உண்டு. அதை எடுத்து மேஜை மேல் வைத்தாலே பாதிக் கடைக்காரர்கள் வேறு பெட்டியைத் திறப்பார்கள்.

மரச் சந்தை என் கண்ணெதிரே தலைகீழாய்ப் போனது 2014இல். அந்த ஏப்ரலில் மியான்மர் அரசு தேக்குக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. பர்மா தேக்கு விலை ஏழைக்கும் இல்லை, நடுத்தரக்காரனுக்கும் இல்லை என்றாகிவிட்டது. அதன்பின் கானா, ஈக்வடார், பனாமா தோட்டத் தேக்கு கன்டெய்னர் கன்டெய்னராக வந்தது. சீக்கிரம் வளர்த்து வெட்டிய மரம். வெள்ளை அதிகம், எண்ணெய் குறைவு. வீட்டுக்குள் அலமாரி செய்ய ஒன்றும் குறை சொல்ல முடியாது. மழையில் போட எனக்கு மனம் வரவில்லை. இன்றும் டெக்குக்கு நான் இடிபாட்டுத் தேக்கையே தேடுகிறேன். அதில் வேலை கூட. உள்ளே புதைந்த ஆணி ரம்பத்தின் பல்லைத் தெறிக்க வைக்கும். நீளம் ஒரே மாதிரி கிடைக்காது. ஆனால் பல காலம் சுருங்கி விரிந்து ஓய்ந்த மரம், இனிமேல் முறுக்காது.

அதே சமயத்தில்தான் டபிள்யூ.பி.சி. வந்தது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பலகை. மெயின்டனன்ஸே கிடையாது என்று சேல்ஸ்மேன் சத்தியம் செய்வார். கறையான் தொடாது, பாலிஷ் வேண்டாம் என்பதெல்லாம் நிஜம். சொல்லாமல் விடுவது மூன்று. மே மாத மத்தியானம் அதன் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. கறுப்பு நிறம் என்றால் கேட்கவே வேண்டாம். மரம் அகலவாக்கில் உப்பும், இதுவோ வெயிலில் நீளவாக்கில் நீளும். முனையோடு முனை நெருக்கிப் போட்டால் வில்லாக வளைந்து எழும்பும். மூன்றாவது, இது தன் எடையைத் தானே தாங்காது. ஓரடிக்கு ஒரு சட்டம் இல்லாவிட்டால் நாளடைவில் தொய்யும். உள்ளே பொள்ளலாக உள்ள ரகத்தில் முனையை மூடாவிட்டால் தண்ணீரும் கரப்பானும் குடியேறும். இவ்வளவையும் கவனித்துப் போட்டால் நிழல் விழும் பால்கனிக்கு நல்ல சாமான். நாள் முழுக்க வெயில் காயும் மேற்குத் தளத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பாலிஷ் விஷயத்தில் பளபளப்புக்கு ஆசைப்படுகிறவர்களிடம் தோற்றுப்போய் பலமுறை பாலியூரித்தேன் பூச்சு (பி.யூ.) அடித்துக் கொடுத்திருக்கிறேன், எழுதி வாங்கிக்கொண்டு. ஒரு மழை, மிஞ்சினால் இரண்டு. மேல்தோல் எங்கேயாவது கீறும், அதன் வழியே தண்ணீர் புகும், தோல் உரியும். பிறகு முழுவதும் சுரண்ட வேண்டும். எண்ணெய் பூசினால் உரிய எதுவுமில்லை, தேய்ந்துபோகும், அவ்வளவே. மழைக்கு முன் ஏப்ரலில் துடைத்து ஒரு கை பூசினால் போதும். அதுவும் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், தேக்கு சாம்பல் நிறமாகும். நிறம் மாறுவது கெடுவது அல்ல. பாசி பிடித்தால் தென்னந்துடைப்பமும் சோப்புத் தண்ணீரும். ப்ளீச்சிங் பவுடரையும் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினையும் கொண்டு வராதீர்கள், மரம் நார் நாராய்க் கிளம்பும்.

ஆற்றோரத்துக்கு வேறு சட்டம். 2019 ஜூலை 27 அன்று உல்ஹாஸ் ஆறு பொங்கி, பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் நடுவில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் தண்ணீரில் நின்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை மீட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் சும்மா உட்கார வைத்த டெக் தட்டுகள் அப்படியே மிதந்து பக்கத்துக் கொல்லையில் கரையேறின. மாடியில் சரியாக இருந்த முறை மண்ணில் சரிப்படாது. அங்கே சிமெண்ட் காலில் இறுக்கிக் கட்ட வேண்டும், மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு முழமாவது காற்று போக வேண்டும், பாம்பும் எலியும் நுழையாமல் சுற்றிலும் வலை அடிக்க வேண்டும். தாழ்வாகப் போட்டு ஓரம் மூடிய டெக்கை நான் கறையான் புற்று என்றே கணக்கில் வைப்பேன்.

இப்போது என்னோடு வேலை செய்வது ராஜஸ்தானின் தச்சர்களான சுதார்களும் உத்தரப்பிரதேசப் பையன்களும். தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை, வர வேண்டாம் என்று நானே என் மகனிடம் சொன்னேன். கார்ட்லெஸ் டிரில் வந்தபின் பத்து நாள் வேலை மூன்று நாளில் முடிகிறது. ஆனால் வேகம் வந்ததும் அடியில் இருப்பதைப் பார்க்கும் பொறுமை போய்விட்டது. மேலே மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று பையன்களே சொல்கிறார்கள்.

டெக் போட நினைப்பவர்கள் தீபாவளி கழிந்து வேலையைத் தொடங்கி, ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பலகைக்கு அடியில் போகும் வேலைக்கு ஒதுக்குங்கள். சொசைட்டியின் எழுத்துபூர்வமான சம்மதத்தை முன்பே வாங்கிவிடுங்கள். விலை பேசும்போது, "கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிப் பாருங்கள். முணுமுணுத்துக்கொண்டாவது ஒத்துக்கொள்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.